பூசை போட்ட மோட்டார்

1984, அக்டோபர் 3, புதன்கிழமை. மாலை மணி 6.40.

மலேசியாவின் கேரி தீவுத் தோட்டத்துக் காவலாளி அய்யாவு, ஆயுத பூசைச் சுண்டலைத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு பெரியவர் தம்புசாமி வீட்டுக்குப் போனார். வீட்டில் ஆளில்லை. பின்பக்கம் ஆற்றோரப் பலகைத் துறையில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. அதற்குக் கீழே சேற்றுத் தண்ணீரில் தம்புசாமி குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது.

சுண்டல் அத்தனையும் ஆற்றோடு போனது. அய்யாவு போட்ட அலறல் இக்கரைப் படகுத்துறையான ஜெட்டி வரைக்கும் கேட்டது என்று பிறகு பலபேர் சொன்னார்கள். ஆறு அங்கே நல்ல அகலம், கேட்டிருக்க வழியில்லை. ஆனால் 'எனக்குக் கேட்கவில்லை' என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

சாயங்காலம் நாலரைக்கு அதே அய்யாவு தம்புசாமியோடு நின்று பேசியிருக்கிறார். பாலத்தைத் தாண்டித் தரை வழியாக யார் வந்தாலும் தோட்டத்து கேட்டில் பெயர் எழுத வேண்டும். அன்று யாரும் எழுதவில்லை. தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரும் பூசையில் கூடியிருந்தார்கள். ஆகவே வந்தவன் படகில்தான் வந்தான். அந்த நீரோட்டத்தைத் துடுப்புப் போட்டுக் கடப்பது நடக்காத காரியம். அக்கம்பக்கத்தில் மோட்டார் படகு இரண்டே இரண்டு, இரண்டும் இக்கரை ஜெட்டியில். ஒன்று கன்னையாவுடையது. மற்றது நாகையாவுடையது. நாகையாவின் மோட்டார் திங்கட்கிழமையிலிருந்து செத்துக் கிடந்தது.

அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது? போலீசும் யோசிக்கவில்லை. கன்னையாவை லாக்கப்பில் போட்டார்கள்.

கன்னையாவின் அக்கா இராஜம்மா. போர்ட் கிளாங்கில் ஒரு பட்டறையில் பதினாலு வருஷம் படகு மோட்டார் கழற்றி மாட்டியவள். இப்போது ஜெட்டி ஓரத்தில் சொந்தப் பட்டறை. கை மோட்டாரில் இருந்தாலும் காது அடுத்த வீட்டில் இருக்கும். வாயோ ஊருக்கே பொது. அந்த வாய்தான் இப்போது தம்பியை உள்ளே தள்ளியிருந்தது.

பூசை போட்ட ஆயுதத்தை மறுநாள் வரை தொடக்கூடாது என்பது ஜெட்டியில் எல்லாருக்கும் தெரியும். புதன்கிழமை மூன்று மணிக்குப் பூசை முடிந்தது. நாலு மணிக்கு ஜெட்டியே காலியாகிக் கோயிலுக்குப் போனது. அந்த மேளச் சத்தத்தில் பத்து மோட்டார் ஓடினாலும் காதில் விழாது. ஆறு மணிக்கு இராஜம்மா திரும்பி வந்தபோது கன்னையா அப்போதுதான் படகைக் கட்டிக்கொண்டிருந்தான். நண்டுக் கூடு போடப் போனானாம்.

"சந்தனம் காயலடா! அதுக்குள்ள மோட்டார ஓட்டிட்டு வந்து நிக்கிறியே, உருப்படுவியா நீ?"

கம்பம் என்கிற அந்தக் கிராமம் முழுக்கக் கேட்ட குரல். அந்த வசவுதான் அவன் ஆற்றில் இருந்தான் என்பதற்குச் சாட்சியானது. போன வாரம் அவனும் தம்புசாமியும் வலை அறுந்த விஷயமாகக் கட்டிப் புரண்டதும் சேர்ந்துகொண்டது.

வியாழன் காலை 8.10. இன்ஸ்பெக்டர் பாலசுந்தரம் ஜெட்டியில் இறங்கினார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்காரர், யாழ்ப்பாணத் தமிழும் கஞ்சி போட்ட சட்டையும்.

"நீங்கள் கன்னையாவின்ட தமக்கை எல்லோ?"

"ஆமா சார்."

"இஞ்ச மோட்டார் தெரிஞ்ச ஆள் நீங்கள்தான் எண்டு சொல்லுகினம். நாகையாவின்ட மோட்டார் உண்மையில பழுதோ எண்டு எனக்குத் தெரியோணும். நான் பக்கத்திலயே நிப்பன், குறை நினையாதேங்கோ."

"பழுதுதான்னு தெரிஞ்சா?"

"பிறகு கன்னையாவைத் தவிர ஆளில்லை. கொலைக் கேஸ். என்ன தண்டனை எண்டு நான் சொல்லத் தேவையில்லை."

இராஜம்மா ஸ்பேனரைக் கையில் எடுத்தாள். "நில்லுங்க சார். எண்ணெய் தெறிக்கும், சட்டையப் பாத்துக்குங்க."

நாகையா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு படகிலேயே காத்திருந்தான். நேற்றிலிருந்து காய்ச்சலாம், கோயிலுக்குக்கூட வரவில்லை. அவன் மனைவி ரமணி ஜெட்டிப் பலகையில் சுக்குக் காப்பியோடு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் வேடிக்கை பார்க்கக் கூட்டம்.

"திங்கக்கெழம பிளக்கக் கழட்டிக் கழுவி மாட்டுனேன் சார். அன்னையிலேருந்து ஸ்டார்ட் இல்ல. இழுத்து இழுத்துத் தோளே போச்சு. கேட்டுப் பாருங்க," என்றான் நாகையா.

கூட்டம் தலையாட்டியது. திங்களும் செவ்வாயும் அவன் கயிறு இழுத்ததைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான் எல்லாரும்.

"இராஜம்மாட்டக் காட்டேல்லையோ?"

நாகையா கழுத்தைச் சொறிந்தான். இராஜம்மாவே பதில் சொன்னாள்: "பொம்பள கை பட்டா அவரு மோட்டாரு கோவிச்சுக்கும்லா சார்."

சிரிப்பு வந்து, உடனே அடங்கியது.

அது பழைய இருபத்தைந்து குதிரைசக்தி மோட்டார். இழுகயிறு ஸ்பிரிங் என்றோ போய்விட்டது. ஸ்டார்ட் பண்ண வேண்டுமானால் மேல்மூடியை முழுசாகத் தூக்கி வைத்துவிட்டு, உச்சியில் இருக்கும் பிளைவீல் என்ற கனத்த இரும்புச் சக்கரத்தில் தனிக்கயிற்றைச் சுற்றி இழுக்க வேண்டும். ஓடத் தொடங்கிய பிறகு மூடியைப் போட்டுக்கொள்வது. நாகையா மூடியைத் தூக்கி, எல்லாரும் வைப்பது போலவே பலகையில் கவிழ்த்து வைத்தான்.

பிளைவீலின் நடுவில் இருபது காசு நாணயம் அளவில் சந்தனமும் குங்குமமும் அழகாக இருந்தன.

"பூசை இதுக்குமோ?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"செத்த மோட்டாரும் ஆயுதந்தானே சார்," என்றான் நாகையா.

இராஜம்மாவும் நேற்று பார்த்தாள். உள்ளங்கை நிறையக் குழைத்து அடை மாதிரி அப்பினான். சாமிக்கு வைத்தானா, சுவருக்குப் பூசினானா என்று அப்போதே அவள் நொடித்தாள்.

8.25. இராஜம்மா தொடங்கினாள். பெட்ரோல் டேங்க் மூடியில் காற்றுத் திருகு திறந்திருந்தது. குழாயின் ரப்பர் பந்தை அமுக்கினாள், கெட்டியானது. பெட்ரோல் வருகிறது. கயிற்றைச் சுற்றி இழுத்தாள். மோட்டார் இருமியது, துப்பியது, கயிற்றைப் பின்னால் உதறியது. மறுபடி. அதே இருமல்.

பிளக் இரண்டையும் கழற்றி இரும்பில் தொடவைத்து இழுத்தாள். இரண்டிலும் நீலப் பொறி. பெட்ரோல் இருக்கிறது, பொறி இருக்கிறது, உயிர் மட்டும் இல்லை.

அவள் கண் வயர்களைத் தொடர்ந்து போனது. மேல் சிலிண்டருக்கு வர வேண்டிய வயர் கீழ் பிளக்கில். கீழ் வயர் மேலே.

பேசாமல் இருந்துவிடலாம். இரண்டு நொடி அதையும் நினைத்தாள். ஆனால் பதினாலு வருஷத் தொழில், கேட்காமலே வாயைத் திறந்தது.

"வயரு மாறியிருக்கு சார். இப்படி மாட்டினா தப்பான நேரத்துல பொறி அடிக்கும். ஓடாது."

நாகையா நெற்றியில் அடித்துக்கொண்டான். "ஐயோ, நாந்தான்! கழுவி மாட்டும்போது மாத்திட்டேன் போல. மூணு நாளா இந்த முட்டாள்தனத்துக்கா இழுத்தேன்!"

இன்ஸ்பெக்டர் நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். "அப்ப திங்கள்ல இருந்து உண்மையாவே ஓடேல்லை. நன்றி இராஜம்மா."

கூட்டத்தில் யாரோ 'ச்சு' கொட்டினார்கள். தம்பியின் கழுத்துக்குக் கயிறு திரித்தது அக்காள் கை! இராஜம்மா தலை நிமிரவில்லை. கை மட்டும் பழக்கத்தில் வேலை செய்தது. வயரை மாற்றி மாட்டி இழுத்தாள். இரண்டாவது இழுப்பில் மோட்டார் நீலப் புகையோடு பிடித்துக்கொண்டது. மூடியைப் போடலாம் என்று பலகையிலிருந்து எடுத்துத் திருப்பினாள்.

அப்படியே நின்றாள்.

8.52. மோட்டாரை அணைத்தாள்.

"நாகையா, திங்கக்கெழமைக்குப் பிறகு இது ஒரு தடவகூட ஓடல?"

"ஓடலக்கா. இப்பத்தானே நீங்களே பாத்தீங்க."

"நேத்து பூசைக்குப் பிறகு மூடியத் தொறந்தியா?"

"பூசை போட்டத யாரு தொடுவா? இப்ப சார் முன்னாலதான் தொறந்தேன்."

"சார், இங்க பாருங்க."

மூடியின் உட்சுவரில், பிளைவீல் சுற்றும் மட்டத்துக்கு, விரல் அகலத்தில் ஒரு சிவப்புப் பட்டை. ஒரு இடம் விடாமல் வட்டமாகத் தெறித்திருந்தது. இராஜம்மா விரலால் தேய்த்து நீட்டினாள். சந்தனம் மணத்தது.

"பிளைவீல்ல அப்பினது சார். வேகமாச் சுத்தினா வீசியடிக்கும்."

"கயிறு இழுக்கேக்க தெறிச்சிருக்கலாம்தானே?"

"கயிறு இழுக்கணும்னா மூடி வெளிய இருக்கணும். மூடி மேல இருக்கும்போது இந்தச் சக்கரத்த எந்தக் கையும் சுத்த முடியாது. மோட்டாரு தானா ஓடினாத்தான் சுத்தும்."

இன்ஸ்பெக்டர் மூடியை வாங்கிப் பார்த்தார். "போன வருசப் பூசையில தெறிச்சதா இருந்தால்?"

நாகையா சட்டென்று சொன்னான்: "ஆமா சார், போன வருசத்துது!"

"இல்லீங்க." ரமணி காப்பி டம்ளரோடு எழுந்து நின்றாள். புருஷனுக்கு ஞாபகம் இல்லையே என்ற அப்பாவித்தனம்தான் குரலில் இருந்தது. "நேத்து காலைல பூசைக்காக நாந்தானே சோப்புப் போட்டுக் கழுவுனேன். உள்ள வெளிய ரெண்டும். பளபளன்னு இருந்துச்சே."

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ரமணி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று முகங்களில் படித்தாள். டம்ளர் கை நழுவி ஆற்றில் விழுந்தது.

இராஜம்மா மெல்லத்தான் பேசினாள். "திங்கக்கெழம வயரு மாறுனது நெசம் சார். நேத்து நாலு மணிக்கு மேல, ஆளில்லாத நேரத்துல, சரியா மாட்டி ஓட்டிட்டுப் போயிருக்கான். வந்து திரும்ப மாத்திட்டான். செத்த மோட்டார எவன் சந்தேகப்படுவான்? பிளைவீல்ல பொட்டு பறந்துபோனதப் பாத்துட்டுப் புதுசா வச்சிருக்கான். அடை மாதிரி அப்பினது இன்னிக்கு இருபது காசாயிருக்கு. மூடிய எல்லாரும் மாதிரி கவுத்தே வச்சதால உள்ள பாக்கல. தம்புசாமிய முடிச்சது இவந்தான்."

நாகையா துண்டை அவிழ்த்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"கெஞ்சத்தான் போனேன் சார். பொட்டு வைக்கும்போதுதான் வயரு மாறியிருக்கறது கண்ணுல பட்டுச்சு. டெங்கில் டவுன்ல ஒரு கல்யாணத்துல பெருசு என்னையும்… என் இன்னொரு குடும்பத்தையும் பாத்துடுச்சு. விஜயதசமிக்குள்ள ரமணிகிட்ட நீ சொல்லு, இல்லன்னா நான் சொல்லுவேன்னு பிடிவாதமா நின்னுச்சு. கால்ல விழுந்தேன். ஒத்துக்கல. தள்ளிட்டேன். துறைக்கட்டையில மண்ட பட்டுருச்சு."

இன்னொரு குடும்பம்! இராஜம்மா படகு விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜெட்டியில் யார் வீட்டு உலையில் என்ன கொதிக்கிறது என்பதுவரை அறிந்தவள். இதை மோப்பம் பிடிக்கவில்லை.

மதியம் 1.20க்குக் கன்னையா வீடு வந்தான். அக்காள் திட்டுவாள் என்று தலைகுனிந்தே நுழைந்தான். அவள் சோற்றைப் போட்டுவிட்டு, அவன் தின்று முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு ரமணி பட்டறை வாசலில் நின்றாள். அழுது முடித்த முகம்.

"அக்கா, உங்களுக்குத் தெரியாம இருக்காது. அங்க பிள்ளைங்க இருக்கா?"

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறுவதற்குள் இராஜம்மா அதைக் கேட்டு வாங்கியிருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு. பொம்பளப் பிள்ள."

"வயசு?"

"நாலு."

ரமணி ஆற்றின் பக்கம் திரும்பினாள்.

"இன்னிக்குச் சாயங்காலம் அது அப்பா எங்கன்னு கேக்கும்லக்கா," என்றாள். "அதோட அம்மாவுக்கு யாரு போய்ச் சொல்றது?"