திரும்பி வந்த குவளை

மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்தபடி ஸ்மராக்தா எங்கள் சந்துக்குள் இறங்கி வந்தபோது நான் எங்கள் சாப்பாட்டுக் கடை மேசைகளுக்குத் துணி விரித்துக்கொண்டிருந்தேன். ஈஸ்டர் முடிந்து வந்த முதல் சனிக்கிழமை, நல்ல மதிய வெயில். அவள் பின்னால் டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு கூட்டம். பலமிதி கோட்டைப் படிகளில் ஏறி இறங்கிய களைப்பில் காலை இழுத்து இழுத்து நடந்தார்கள்.

கிரேக்கக் கடலோர ஊரான எங்கள் நாப்லியோவில் எங்கே சாப்பிடலாம், எங்கே குடிக்கலாம், எதைப் பார்க்கலாம் என்று வழிகாட்டுவதுதான் ஸ்மராக்தாவின் பிழைப்பு. அவள் சொல்வதெல்லாம் எனக்கு மனப்பாடம். கோட்டையை வெயிலுக்கு முன்னால் பார்த்துவிட வேண்டும். காப்பியைச் சதுக்கத்தில் குடிக்க வேண்டும், கடலோரத்தில் குடித்தால் காற்றுக்கும் சேர்த்து விலை போடுவார்கள். சாப்பாடு மட்டும் எங்கள் சந்தில்.

"வாடி மகராசி! ஊரை வித்து முடிச்சாச்சா?" என்றேன்.

"உங்க மீன் சூப்பு மட்டும்தான் பாக்கி அக்கா" என்று சிரித்தாள். ஆனால் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காரவில்லை. எதிர்க்கடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

எதிர்க்கடை ஆர்கிரிஸ் மாமாவுடையது. பச்சைக் கதவுகளில் சங்கிலி தொங்கியது. ஜன்னல் விளிம்பில் அவர் வளர்த்த ஜெரேனியச் செடி காய்ந்து குச்சியாக நின்றது. குளிர்காலத்தில் ஒருநாள் அடுப்பு மூட்டப் போனவர், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். ஊரே சாவுக்கு வந்தது. ஸ்மராக்தா வரவில்லை.

அவள் வராததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கப்பலுக்குப் போன அப்பன் திரும்பாத வீட்டுப் பிள்ளை அவள். படிக்கிற காலத்தில் அவளுக்குச் சோறு போட்டது அந்தப் பச்சைக் கதவுதான். காசு வாங்கமாட்டார். "பொண்ணு சாப்பிட்டா கடைக்கு ஆகும்" என்பார். அவரிடம் ஒரு பழைய தகரக் குவளை இருந்தது, வயிறு நசுங்கியது. அதில் பைன் பிசின் மணக்கிற வெள்ளை ஒயினை ஊற்றி, எலுமிச்சை வாசம் வீசும் ஜெரேனிய இலை ஒன்றைக் கிள்ளிப் போட்டுக் கொடுப்பார். அப்படிச் செய்ய இந்த ஊரில் வேறு ஆள் கிடையாது.

போன கோடையில் ஒரு சுற்றுலாக் கம்பெனிக்காரரை ஸ்மராக்தா எங்கள் கடைக்கு அழைத்து வந்தாள். பெரிய ஒப்பந்தம், வெள்ளை மேசைத்துணி வேண்டுமாம். எதிரே வாசலில் நின்ற ஆர்கிரிஸ் மாமா அதைப் பார்த்தார். கோபப்படவில்லை. அந்தக் குவளையை நிரப்பி, அவள் மேசைக்குத் தன் உபசரிப்பு என்று அனுப்பினார்.

எங்கள் ஊரில் ஒருவர் பக்கத்து மேசையிலிருந்து ஒயின் அனுப்பினால், கிளாஸைத் தூக்கி அவரைப் பார்த்துக் குடிக்க வேண்டும். பிறகு நம் பங்குக்கு ஒன்று அனுப்ப வேண்டும். ஜென்மப் பகையாளிகூட அதைத் திருப்பி அனுப்பமாட்டான். கன்னத்தில் அறைந்தாலும் அதைவிடத் தேவலை.

நசுங்கிய குவளையைப் பார்த்துக் கம்பெனிக்காரர் முகம் சுளித்தார். யார் அந்த ஆள் என்று கேட்டார்.

"யாருன்னு தெரியலை" என்றாள் ஸ்மராக்தா. பிறகு என் பக்கம் திரும்பி, தணிந்த குரலில், "எடுத்துட்டுப் போயிடுங்க அக்கா. நாங்க கேக்கலையே."

நான் எடுத்துக்கொண்டு போனேன். அவர் வாங்கிக்கொண்டார். ஒயினைச் செடிக்கு ஊற்றிவிட்டு உள்ளே போனார். அதன் பிறகு அவர் வாசலில் நின்று நான் பார்க்கவில்லை.

சரி, அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். சூப்பு கொடுத்தாகிவிட்டது. ரொட்டிக் கூடையோடு நான் வந்தபோது ஒரு வாசம் மூக்கில் ஏறியது.

ஜெரேனிய இலை.

மேசை நடுவே, ரொட்டிக்கு இடம் விட்டு, அந்தக் குவளை இருந்தது. அதே நசுங்கிய வயிறு. வெளியே பனித்துளி போல வியர்த்திருந்தது. ஒயினில் ஒரு பச்சை இலை மிதந்தது.

டென்மார்க்குக்காரர்கள் அதை மோந்து பார்த்து "ஆஹா" என்றார்கள். ஸ்மராக்தாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"யாரு அக்கா கொண்டுவந்தது?"

என் தம்பி நெக்தாரிஸைக் கூப்பிட்டேன். கடை அவனுடையது, சமையலும் அவன்தான். கரண்டியோடு எட்டிப் பார்த்தான். "நம்மகிட்ட ஏது இந்த ஓட்டைத் தகரம்? மாமாவோட சாமானையெல்லாம் அவர் மருமகன் அள்ளிட்டுப் போயிட்டானே!"

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. சிலுவை போட்டுக்கொண்டான்.

ஸ்மராக்தா அழ ஆரம்பித்தாள். "அன்னைக்கிலேருந்து தொண்டையில சோறு இறங்கலை அக்கா. ஊருக்கெல்லாம் எங்க சாப்பிடணும்னு சொல்றேன், எனக்கு எது வாயில வச்சாலும் இந்த இலை வாசம். சாவுக்கு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வருவேன்? அவர் மன்னிச்சாப் போதும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

"அப்ப குடிடி" என்றேன். "அனுப்பியிருக்கார். மரியாதையா வாங்கிக் குடி."

அவள் எழுந்து, முதல் தடவையாகப் பச்சைக் கதவைப் பார்த்துத் திரும்பினாள். குவளை ஒயின் முழுவதையும் கிளாஸில் ஊற்றித் தூக்கினாள். செத்தவர் பெயரில் குடிக்கும்போது கிளாஸோடு கிளாஸ் இடிக்கமாட்டோம். எல்லோரும் சொல்கிற ஒரு வார்த்தை உண்டு, அதைச் சொல்லிக் குடிப்போம். அவள் வாயிலும் பழக்கத்தில் அதுதான் வந்தது.

"கடவுள் அவரை மன்னிக்கட்டும்."

எதிர்க்கடைக்குள் நாற்காலி ஒன்று சரக்கென்று பின்னுக்கு இழுபட்டது.

சந்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சங்கிலி அப்படியே தொங்கியது.

"அடிப் பாவி" என்றேன், எனக்கே கேட்காத குரலில். "அவரையா மன்னிக்கணும்?"

அவளுக்கும் புரிந்துவிட்டது. ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு எங்கள் பீப்பாயிலிருந்து இருப்பதிலேயே நல்ல ஒயினை அந்தக் குவளையில் விளிம்புவரை நிரப்பினாள். பதில் உபசரிப்பு. என்னிடம் நீட்டினாள், நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவளே கொண்டுபோய்ப் பச்சைக் கதவின் படியில் வைத்தாள். மண்டியிட்டு, மரத்தில் நெற்றியை வைத்து என்னென்னவோ சொன்னாள். மாமா, மாமா என்பது மட்டும் கேட்டது.

திரும்பி வந்தவள் முகம் தெளிந்திருந்தது. ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டு மென்றாள். "வாசம் போயிடுச்சு அக்கா!" என்றாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அப்பாடா என்று ஆட்டுக்கறித் தட்டை எடுக்க உள்ளே போனேன்.

நெக்தாரிஸ் கறியில் எலுமிச்சை பிழிந்தான். நான் தட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது.

ஸ்மராக்தா வாயில் ரொட்டியோடு, மெல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவள் முன்னால் குவளை இருந்தது. விளிம்புவரை. ஒரு சொட்டு குறையவில்லை.

"யாரு... யாரு எடுத்துட்டு வந்தது?" என்றேன்.

பக்கத்தில் இருந்த டென்மார்க் அம்மாள் என்னை விசித்திரமாகப் பார்த்தார். விரலை நீட்டி முதலில் பச்சைக் கதவைக் காட்டினார். அப்புறம் என்னைக் காட்டினார். அவருக்கு எங்கள் மொழியில் நன்றி சொல்ல மட்டும்தான் தெரியும். ஆனாலும் நான் ஏதோ சொன்னேனாம், குழந்தை பாடம் ஒப்பிப்பதுபோல அந்த ஒலிகளைத் திக்கித் திக்கிச் சொல்லிக் காட்டினார்.

"நா...ங்க... கே...க்கலையே."

குனிந்து பார்த்தேன். சொட்டும் குறையாத குவளை அது, ஆனாலும் என் ஏப்ரன் நெஞ்சிலிருந்து முழங்கால்வரை ஒயினில் நனைந்திருந்தது. கறித் தட்டு எதிர்க்கடைப் படியில் ஆவி பறக்க இருந்தது.

ஸ்மராக்தா இப்போதும் தினமும் மதியம் வருகிறாள். கூட்டத்தைச் சதுக்கத்தில் விட்டுவிட்டுத் தனியாக வருகிறாள், பாதியாக இளைத்துவிட்டாள். குவளையை நிரப்பிப் படியில் வைத்துவிட்டு, எங்கள் மேசையில் வெறும் தண்ணீரோடு காத்திருக்கிறாள். நான் உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொள்கிறேன். நெக்தாரிஸ் என் கையைப் பிடித்துக்கொள்கிறான்.

நேற்றும் அப்படித்தான் பிடித்திருந்தான். "அக்கா, இங்கதானே இருக்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். இருக்கேன்டா, இருக்கேன்டா என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

வெளியே ஸ்மராக்தாவின் குரல் கேட்டது. என்னிடம் பேசுவதுபோலத்தான் பேசினாள்.

"இன்னைக்கும் வேணாம்னுட்டாரா அக்கா?"