கச்சாலிலிருந்து வந்த கோரிக்கை

கம்ப்யூட்டரில் கடைசி அனுமதி விதியை எழுதிச் சேமித்த கையோடு சுகுணா அந்த வரியைப் பார்த்தாள். டிசம்பரில் போர்ட் பிளேரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். ஜன்னலுக்கு வெளியே ஹேடோ துறைமுகத்தின் விளக்குகள் மழையில் கலங்கித் தெரிந்தன. கீழே கப்பல் டிக்கெட் கவுண்டர்களைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மாடியில் ஏசியின் முனகலும், சாத்தம் மில்லிலிருந்து காற்றில் வரும் ஈரமான மரத்தூள் வாசனையும், திரையில் ஓடும் வரிகளும்தான் இருந்தன. தீவுகளிலுள்ள கவுண்டர்கள் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் அந்தக் கோரிக்கை அங்கே ஒரு வரியாக வந்து விழும். கவுண்டர் மூடிய பிறகு வரி வரக் கூடாது. ஒன்று வந்தது.

கச்சால் தீவிலிருந்து. கேட்ட பக்கத்தின் பெயர், ஆங்கில எழுத்தில், ‘வீடு’.

அப்படி ஒரு பக்கமே அவர்களிடம் கிடையாது.

வரி சிவந்தது. அனுமதி இல்லை.

“சார், இப்ப கச்சால்ல யாராவது உக்காந்திருக்காங்களா?” என்று கேட்டாள்.

பிரிவுத் தலைவர் பக்தவத்சலம் மழைக்கோட்டுக்குள் கையை நுழைத்தபடி வந்து எட்டிப் பார்த்தார். “அரே, இந்நேரத்துக்கு அங்க லைட்டே இருக்காது. இரு இரு, இது புது கவுண்டரோட நம்பர் இல்லையே. பழைய ஜெட்டி மெஷினு. அது சுனாமில கடலோட போயாச்சும்மா.” கோட்டின் பொத்தான்களைப் போட்டார். “மெயின்லேண்ட்ல எவனாவது டெஸ்ட் பண்ணிட்டிருப்பான். சோடோ, விட்டுத்தள்ளு. வீட்டுக்குக் கெளம்பு.”

அவர் கண்ணாடி போட்டிருக்கவில்லை. அதனால் வரியின் கடைசியில் இருந்த பெயரைப் படிக்கவில்லை. சுகுணா படித்திருந்தாள். ரவிச்சந்திரன். அவளுடைய புருஷன்.

அந்த மாதம் முழுக்க அவள் செய்துகொண்டிருந்தது கதவுகளுக்குக் காவல் வைக்கிற வேலை. அதுவரை டிக்கெட்டுக்கு ஒரு பாஸ்வேர்டு, சரக்குக்கு ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று என்று இருந்ததை மாற்றி, வாசலில் ஒரே தடவை லாகின் செய்தால் போதும், பிறகு எந்தப் பக்கமும் மறுபடி கேட்காது என்று ஆக்கச் சொல்லியிருந்தார்கள். அதற்கு ஒவ்வொரு பக்கத்தின் முகவரிக்கும் யார் உள்ளே வரலாம் என்று விதி எழுத வேண்டும். சர்வர் அந்த விதிகளை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டு வரும். முதலில் எது பொருந்துகிறதோ அதுதான் தீர்ப்பு. எல்லாவற்றுக்கும் கீழே அவள் எழுதியது: மேலே சொல்லாத எந்த முகவரிக்கும் யாருக்கும் அனுமதி இல்லை.

ரவிச்சந்திரன் கச்சாலில் கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியின் கவுண்டரில் கிளார்க்காக இருந்தான். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து கச்சாலில் ரப்பர் பால் வெட்டியவர்களின் பிள்ளைகள் அவனும் சுகுணாவும். சுனாமி வந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் மாமியார் அங்கம்மாவுக்குக் கண் ஆபரேஷன். சுகுணா அவளைக் கப்பலில் பிளேருக்கு அழைத்து வந்தாள். ரவிக்கு லீவு கிடைக்கவில்லை. ஜெட்டியில் நின்று கையாட்டினான். பிறகு அலை வந்தது. ஜெட்டியும் இல்லை, கவுண்டரும் இல்லை, தாழ்வில் இருந்த வீடுகளும் இல்லை. அவன் உடம்பு கிடைக்கவே இல்லை.

புது அமைப்புக்குப் பெயர்களை மாற்றும்போது இல்லாதவர்களை எடுத்துவிடச் சொல்லியிருந்தார்கள். ரிடையர் ஆனவர்களை எடுத்தாள். மாற்றலாகிப் போனவர்களை எடுத்தாள். அவன் பெயருக்கு நேரே ‘செயலில் உள்ளது’ என்று இருந்தது. அதை எடுக்க அவளால் முடியவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். அவனுக்கென்று எந்த விதியும் எழுதவில்லையே, அவன் எங்கே போய்விடப் போகிறான்?

மறுநாள் மாலை வேண்டுமென்றே தங்கினாள். இருட்டியதும் வரி வந்தது. கச்சால். ரவிச்சந்திரன். பெயர் சரி, பாஸ்வேர்டு சரி. இந்த முறை கேட்ட பக்கம், ‘வீடு’, அதற்குப் பின் ஒரு சாய்கோடு, ‘வாசல்’. வரி சிவந்தது. ஆள் யாரென்று தெரியும், உள்ளே வர உரிமை இல்லை என்பதுதான் அந்தச் சிவப்புக்கு அர்த்தம். மொபைல் அடித்தது.

“புள்ள, எங்க இருக்க?” அங்கம்மாவின் குரல் தாழ்ந்திருந்தது. “கதவ யாரோ தட்டுறாங்க. யாருன்னு கேட்டா பேச்சு இல்ல.”

“தொறக்காதீங்க மாமி. நா வர்றேன்.”

குவார்ட்டர்ஸ் மேட்டில் ஏறி அவள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் யாரும் இல்லை. படியில் மட்டும் தண்ணீர் தேங்கியிருந்தது. மழைத் தண்ணீர் என்றுதான் காலை வைத்தாள். பாதத்துக்கடியில் மணல் நெறுநெறுத்தது. மூக்கில் ஏறிய வாசனையை அவளுக்குத் தெரியும். அலைக்குப் பிறகு, காணாமல் போனவர்களைத் தேடி வந்தவர்களோடு கச்சாலுக்குப் போய் இறங்கியபோது அடித்த வாசனை. உப்புச் சேறு, அழுகிய தென்னங்குருத்து, அதற்கெல்லாம் அடியில் இனிப்பாக இன்னொன்று.

அடுத்த நாள் வேலைக்குப் போகவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே கதவைத் தாழிட்டு, விளக்கைப் போட்டு, மாமியாரோடு கூடத்தில் உட்கார்ந்தாள். வெளிச்சம் ஜன்னலை விட்டு மெல்ல இறங்கிப் போனது. பக்கத்து வீட்டு டிவி சத்தம், எங்கோ ஒரு ஆட்டோ, துறைமுகத்துக் கிரேனின் கிறீச்சல், எல்லாம் ஒவ்வொன்றாகத் தூரம் போவதுபோல இருந்தது. பிறகு தட்டும் சத்தம். விரல் முட்டியால் அல்ல. விரித்த உள்ளங்கையால், மெதுவாக, ஈரத் துணியைச் சுவரில் அறைவதுபோல.

அங்கம்மா எழுந்தாள். சுகுணா பிடிப்பதற்குள் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டாள். இழுத்தாள். தாழ்ப்பாள் அசையவில்லை. தினமும் ஒரு விரலால் திறக்கிற தாழ்ப்பாள். இரண்டு கையாலும் இழுத்தாள். சுவரோடு சேர்த்து வார்த்ததுபோல நின்றது.

வெளியே இருமல் கேட்டது. பீடிப் புகையால் வருகிற வறட்டு இருமல்.

“சுகு,” என்றது குரல். “தொற சுகு. குளுருது.”

அவனைத் தவிர அவளை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆண் அழுகிற சத்தம் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதென்று அழுவதுபோல. அங்கம்மா கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டு, “ராசா, ராசா” என்றாள். தாழ்ப்பாள் அசையவே இல்லை. எது அதைப் பிடித்திருக்கிறது என்று சுகுணாவுக்குப் புரிந்துவிட்டது. தானே எழுதிய கடைசி விதி.

விடியும்வரை இரண்டு பேரும் படுக்கவில்லை.

“ஆபீசுல என்னமோ பூட்டு போடுற வேலைன்னு சொன்னியே புள்ள,” என்றாள் அங்கம்மா, காலையில். “அத அவிழ்த்து விட்டா என்னா? நீயும் நானும் உசுரோட வந்துட்டோம். எங்கண்ணுக்காகத்தான் வந்தோம். இந்தக் கண்ணால அவன் மூஞ்சிய ஒருக்கா பாத்துட்டா போதும்.”

“அது அவருதான்னு எப்படி மாமி சொல்றீங்க?”

“பெத்தவளுக்குத் தெரியாதா?”

சுகுணாவுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஜெட்டியில் ஆடிய அந்தக் கையை நினைத்து நினைத்து அவள் தூங்காமல் கிடந்த ராத்திரிகளுக்கு முன்னால் அந்தப் பயம் சின்னதாகத் தெரிந்தது. அவன் முகம்கூட இப்போதெல்லாம் சரியாக ஞாபகம் வருவதில்லை. போட்டோக்கள் எல்லாம் கச்சாலோடு போய்விட்டன.

அன்று மாலை பக்தவத்சலம் கிளம்பும்வரை காத்திருந்தாள். விதிகளைத் திறந்தாள். கடைசி விதிக்கு மேலே ஒரு இடம் விட்டு எழுதினாள். முகவரி: ‘வீடு’, சாய்கோடு, நட்சத்திரக் குறி. நட்சத்திரக் குறி போட்டால் அதற்குக் கீழே உள்ள எல்லாம் என்று அர்த்தம். வாசல், கூடம், அடுப்படி, எல்லாம். யார்: ரவிச்சந்திரன். அனுமதி: உண்டு.

சேமித்தாள்.

வரி வந்தது. கச்சால். ரவிச்சந்திரன். வீடு, வாசல்.

பச்சை.

சுகுணா அழுதாள். முகத்தை மூடிக்கொண்டு, சத்தம் வராமல். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது இன்னொரு வரி வந்திருந்தது. ரவிச்சந்திரன். பச்சை. அதன் கீழே இன்னொன்று. ரவிச்சந்திரன். வீடு, கூடம். ரவிச்சந்திரன். ரவிச்சந்திரன். திரை மேல்நோக்கி ஓடத் தொடங்கியது. படிக்க முடியாத வேகத்தில் ஓடியது. எல்லாம் பச்சை. எல்லாம் அதே பெயர்.

ஒரே ஆள் இத்தனை தடவை ஏன் வாசலில் நுழைய வேண்டும்?

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. ரவி தன் பாஸ்வேர்டை யாரிடமும் மறைத்ததில்லை. கவுண்டர் ஜன்னலிலேயே சாக்பீஸால் எழுதி வைத்திருந்தான். தோட்டத்து ஜனங்கள், நிக்கோபாரிகள், பெங்காலி மேஸ்திரி, யார் வந்தாலும், “நம்ம பேர்லயே உள்ள போ” என்று நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுப்பான். கப்பல் டிக்கெட் வேண்டிய கச்சால்காரர்கள் எல்லாரும் ரவிச்சந்திரனாகத்தான் உள்ளே போனார்கள்.

வீட்டுக்கு போன் போட்டாள். உடனே எடுத்தாள் அங்கம்மா. குரலில் சந்தோஷம் தளும்பியது.

“வந்துட்டாங்க புள்ள!”

வந்துட்டாங்க. பெற்ற பிள்ளையை அவள் அப்படிச் சொல்ல மாட்டாள்.

“மாமி, வெளிய வாங்க. பின்கதவால வெளிய வாங்க.”

“எல்லாரும் நனைஞ்சு போயிருக்காங்க. துண்டு எடுக்கணும். நீ சீக்கிரம் வா.” பின்னால் எந்தப் பேச்சும் கேட்கவில்லை. தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும், பல இடங்களில். போன் வைக்கப்பட்டது.

விதியை அழித்தாள். சேமித்தாள். வரிகள் நிற்கவில்லை. ஒரே தடவை லாகின் செய்தால் போதும். உள்ளே வந்தவர்களை எந்தக் கதவும் மறுபடி கேட்காது. அப்படித்தான் அவள் அமைத்திருந்தாள். ரவியின் பெயரையே எடுத்தாள். பச்சை. சர்வரின் மின்சார வயரைப் பிடுங்கினாள். திரை இருண்டது.

ஓடினாள்.

மேட்டுச் சாலையில் தெருவிளக்குகள் அணைந்திருந்தன. ஏறும்போது காலுக்கு எதிரே தண்ணீர் வழிந்து வந்தது. மழை எப்போதோ நின்றிருந்தது. அவளுக்கு முன்னால் யாரோ நடந்துகொண்டிருந்தார்கள். ஓரமாக ஒதுங்கித் தாண்டினாள். அவர்களுக்கு முன்னாலும் சிலர். யாரும் திரும்பவில்லை. மண்ணில் புதைந்தெடுத்த துணிகளின் வாசனை. ஒரு குழந்தையின் உயரத்தில் ஒன்று, யார் கையையோ பிடித்துக்கொண்டு.

வீட்டுக் கதவு திறந்திருந்தது.

கூடம் நிறைய நின்றுகொண்டிருந்தார்கள். தோளோடு தோள் ஒட்டி, அடுப்படிவரை, கட்டிலைச் சுற்றி. பேச்சில்லை. சொட்டும் சத்தம். ஒரு மெழுகுவர்த்தி. எல்லா முகத்திலும் சேறு காய்ந்து, கண்ணும் வாயும் இருக்க வேண்டிய இடமெல்லாம் ஒரே மட்டமாக.

“அவரு எங்க?” என்றாள் சுகுணா. குரல் அவளுடையதாகவே இல்லை. “எங்க அவரு எங்க?”

“ரவிச்சந்திரன்,” என்றது பக்கத்தில் இருந்தது. பெண் குரல்.

“ரவிச்சந்திரன்,” என்றது அதற்கடுத்தது. கிழட்டுக் குரல்.

“ரவிச்சந்திரன்.” குழந்தை.

“ரவிச்சந்திரன்.” வறட்டு இருமலோடு ஒன்று. எங்கிருந்து? அவள் கூட்டத்துக்குள் முண்டினாள். சில்லென்ற தோள்கள். எந்தத் தோள்? “கூப்பிடுங்க,” என்று கெஞ்சினாள். “என்னக் கூப்பிடற மாதிரி கூப்பிடுங்க.”

“சுகு,” என்றார்கள் எல்லாரும். ஒரே நேரத்தில்.

மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் அங்கம்மா இருந்தாள். சேலைத் தலைப்பை வாளியில் நனைத்து, முன்னால் நின்ற ஒரு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள், பொறுமையாக, குளிப்பாட்டிய பிள்ளையைத் துடைப்பதுபோல. சேறு உதிர்ந்தது. அதன் அடியில் மேலும் சேறு. இன்னும் துடைத்தாள். துடைக்கத் துடைக்கத் தலை சிறுத்துக்கொண்டே வந்து, கழுத்துக்கு மேல் ஒன்றும் மிஞ்சவில்லை. அங்கம்மா அதன் தோளைத் தட்டிக்கொடுத்து மெல்ல ஒதுக்கினாள்.

“இவன் இல்ல,” என்றாள். தலைப்பைப் பிழிந்தாள். “நீ வா ராசா.”

அடுத்தது குனிந்து தன் முகத்தை அவள் கையில் கொடுத்தது. வாசலில் இன்னும் வந்துகொண்டிருந்தார்கள்.