ரீடரை உடைத்தது யார்?

ரெஜினாவுக்குக் குதிகால் விண்விண்ணென்று வலித்தது. மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு வரை பேருந்தில் நின்றுகொண்டே வந்தாள். இப்போது இந்தச் செல்போன் கடையிலும் அரைமணி நேரமாக நின்றுகொண்டிருக்கிறாள்.

கடையில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் ஓர் அட்டைப்பெட்டி உட்கார்ந்திருந்தது. இன்னொன்றில் ஷேர் ஆட்டோ ஓட்டும் கண்ணாயிரம் உட்கார்ந்திருந்தார். அவருடைய போனில் சத்தம் வரவில்லையாம். அதற்கும் சேர்த்து அவரே சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அந்தப் பெட்டிய எறக்கி வெச்சிட்டு நீ உக்காரு" என்றாள் ரெஜினா.

"வேணாம். யாரு பொருளையோ நாம ஏன் தொடணும்?" என்றாள் அம்மா ஜெசிந்தா.

ஜெசிந்தா கட்டட வேலை செய்கிறவள். சித்தாள். நாள் முழுவதும் தலையில் கலவைச் சட்டி. மேஸ்திரி செங்கல்பட்டில் ஒரு வீட்டுக் கட்டடம் எடுத்திருந்ததால் தினமும் இந்த ஊருக்குத்தான் வந்து போனாள். இன்று அரைநாள் லீவு கேட்டபோது மேஸ்திரி, "படிக்கிறது உன் பொண்ணா, நீயா?" என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்பினார்.

அவர்கள் வந்தது ரீடருக்காக.

ரெஜினாவின் பள்ளியில் ஒரே ஒரு மின்நூல் கருவி உண்டு. கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பொறியாளர் கொடுத்தது. சிலேட்டை விடச் சின்னது. உள்ளே நானூறு கதைப் புத்தகங்கள். பிள்ளைகள் அதை ரீடர் என்று கூப்பிடுவார்கள். ஆறாம் வகுப்பில் முப்பத்தொரு பேர். வாரம் ஒருவர் அதை வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

ரெஜினாவின் முறை வந்த வாரத்தில்தான் அது சார்ஜ் ஏற மறுத்தது.

"நீ ஒண்ணும் பண்ணல. சார்ஜ் குத்துற எடம் தேஞ்சு போச்சு. சரி பண்ணிடலாம்" என்றார் சுஜாதா டீச்சர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு. இது மட்டும் ஒடஞ்சிதுன்னா அவ்ளோதான். தலைமையாசிரியர் அலமாரியில வெச்சுப் பூட்டிடுவாரு. அப்புறம் யாருக்கும் வீட்டுக்குக் கெடையாது."

போன சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, வேலைக்குப் போகும் வழியில், ஜெசிந்தா ரீடரை இந்தக் கடையில் கொடுத்தாள். 'சார்ஜ் ஏறவில்லை' என்று ரசீது எழுதிக் கொடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து இன்று வரச் சொன்னார்கள்.

உள்ளேயிருந்து கடைக்காரர் காசிநாதன் வந்தார். ரீடரைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார்.

ரெஜினா எட்டிப் பார்த்தாள்.

ரீடரின் கீழ் மூலையில் ஒரு விரிசல். அங்கிருந்து கோடு கோடாகப் பாதித் திரை கறுத்துப் போயிருந்தது.

"இத ஒண்ணும் பண்ண முடியாதுமா. ஸ்கிரீன் போயிடுச்சு" என்றார் காசிநாதன்.

"சார்ஜ் ஏறலன்னுதான சார் குடுத்தேன்?" என்றாள் ஜெசிந்தா.

"ஒடஞ்சிதான் வந்துச்சு. ரசீது எழுதறப்ப நாங்க பாக்கல."

"இல்ல சார், நல்லாத்தான்..."

"இன்னாமா இல்லைன்ற? நீ இன்னா வேல பாக்கற?"

"சித்தாள் வேல சார்."

"அந்தப் பையிலதான எடுத்துனு வந்த? கரண்டி, சுத்தியல்னு எல்லாம் கெடக்கும். எங்கியோ இடிச்சிருக்க." காசிநாதன் ரீடரை ஒரு விரலால் தள்ளினார். "பாத்து வெச்சிக்கத் தெரியலன்னா உங்க வூட்டுக்கெல்லாம் எதுக்குமா இது? புது ஸ்கிரீன் போடணும்னா நாலாயிரம் ஆவும்."

நாலாயிரம். அம்மாவின் ஆறு நாள் கூலி.

ரெஜினா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா கோபப்படுவாள் என்று நினைத்தாள். ஆனால் அம்மா தன் பையைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கரண்டி இருந்துச்சுதான்" என்றாள் மெதுவாக. "நான்தான் எங்கனா இடிச்சிட்டனோ?"

"நீ இடிக்கலம்மா! துண்டுல சுத்தி மடியில வெச்சினு போன. பஸ் ஏத்திவுட வந்தப்ப நான் பாத்தேன்ல?"

"பஸ்ஸுல கூட்டம்டி..."

"பாத்தியா? அந்தம்மாவே ஒத்துக்குது" என்றார் காசிநாதன்.

ரெஜினாவின் காது இரண்டும் சூடாயின. செய்யாத தப்பை அம்மா தேடிக்கொண்டிருக்கிறாள். தேடச் சொன்னவர் நிம்மதியாகக் காதைக் குடைந்துகொண்டிருக்கிறார். இது என்ன நியாயம்?

கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் கத்தினால், "புள்ளைய வளத்த லட்சணத்தப் பாரு" என்பார். அதற்கும் அம்மாதான் தலைகுனிவாள்.

ரெஜினா பல்லைக் கடித்துக்கொண்டு ரீடரைக் கையில் எடுத்தாள். திரையின் மேல்பாதி கெடவில்லை. அங்கே சின்னச் சின்ன எழுத்துகள் தெரிந்தன. எழுத்து எங்கே இருந்தாலும் படித்துவிடுவது அவள் பழக்கம். மளிகைக் கடையில் பொட்டலம் கட்டிய தாளைக்கூட விடமாட்டாள். இதையும் படித்தாள்.

இன்னொரு முறை படித்தாள்.

"சார்" என்றாள். "இதுல ஒரு படம் நிக்குது."

"அதான் ஸ்கிரீன் போச்சுன்னு சொல்றனே."

"இல்ல சார். இந்த ரீடர் போன் மாதிரி கெடையாது. கரண்ட்டே இல்லன்னாலும் கடைசியா இருந்த படம் அப்டியே நிக்கும். எங்க வூட்ல சார்ஜ் தீந்தப்ப காலி பேட்டரி படம் வந்துச்சு. மூணு நாளு அதே படம்தான். அம்மா கையில குடுக்கறப்பவும் அதே காலி பேட்டரிதான்."

"அதுக்கு?"

"ஒடஞ்ச ஸ்கிரீன்ல படம் மாறாதுல்ல சார்? அம்மா பையில ஒடஞ்சிருந்தா அந்தக் காலி பேட்டரிதான சார் நிக்கணும்? இங்க பாருங்க. பேட்டரி முழுசா இருக்குது. நூறு."

கண்ணாயிரம் பேச்சை நிறுத்தினார்.

"சார்ஜே ஏறாதத குடுத்தோம். நூறு எப்டி சார் வந்துச்சு? நீங்க சார்ஜ் சரி பண்ணிட்டீங்க. அப்புறம்தான் ஒடஞ்சிருக்குது."

காசிநாதன் ரீடரைப் பிடுங்கினார். அணைக்கும் பொத்தானை அழுத்தினார். படம் போகவில்லை. இன்னொரு முறை அழுத்தினார். கட்டை விரலே வெளுக்கும் அளவுக்கு அழுத்தினார். படம் நின்ற இடத்திலேயே நின்றது.

"நல்லா அமுத்துங்க சார்" என்றாள் ரெஜினா. "போவாது."

கண்ணாயிரம் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "பேட்டரிக்குக் கீழ இன்னாமோ எழுதிகீதே, அது இன்னா பாப்பா?"

"அதுவா? பக்கத்துல இருக்கற வைஃபை பேரெல்லாம் வரும். அதுல எதோட சேந்துதோ அதுக்கு நேரா ஒரு டிக் போட்டுக் காட்டும்." ரெஜினா விரல் வைத்து நிறுத்தி நிறுத்திப் படித்தாள். "காசி மொபைல்ஸ்."

கண்ணாயிரம் வாசலுக்குப் போய்ப் பெயர்ப் பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"காசி, அது உன் கடதான்பா. நான் பாத்துட்டு வந்துட்டேன்."

"யோவ், உனக்கு இன்னா வேல? உன் போன் ரெடி ஆவற வரிக்கும் கம்முனு உக்காரு."

ரெஜினா காசிநாதனைப் பார்க்கவில்லை. உள்ளே, விளக்குக்குக் கீழே குனிந்திருந்த பிரவின்குமாரைப் பார்த்தாள். ரிப்பேர் வேலை எல்லாம் அவன்தான் செய்கிறான். இருபது வயதிருக்கும். இவ்வளவு பேச்சு நடந்தும் ஒருமுறைகூட நிமிரவில்லை. அவன் மேசையில் ஒட்டி வைத்த போன்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் ஓரத்தையும் துணிக்குப் போடுவதுபோல் நாலைந்து கிளிப்புகள் கவ்விப் பிடித்திருந்தன.

"அண்ணா" என்று கூப்பிட்டாள்.

அவன் நிமிர்ந்தான்.

"அந்த கிளிப் எதுக்குண்ணா?"

"அது... கம் போட்டு ஒட்டுனா காயற வரிக்கும் அமுக்கிப் புடிக்கணும். எல்லா போனுக்கும் போடுவோம்."

"ரீடருக்கும் போட்டீங்களா?"

"டேய், வேலையப் பாரு!" என்றார் காசிநாதன்.

பிரவின்குமார் மறுபடி குனிந்துகொண்டான்.

"அண்ணா, உங்களத் திட்டல" என்றாள் ரெஜினா. "நீங்க சொல்லலன்னா எங்கம்மா தான்தான் ஒடச்சோம்னு நெனச்சினே இருக்கும். ராவுல தூங்காது. அதுக்குத்தான் கேக்கறேன்."

பிரவின்குமார் ஜெசிந்தாவைப் பார்த்தான். அவள் கையில் பை இன்னும் திறந்தபடியே இருந்தது.

"நான்தான்கா" என்றான். "போன் மாதிரி நெனச்சி நாலு கிளிப் போட்டேன். இதோட கண்ணாடி ரொம்ப மெலிசு. கீழ மூலையில டக்குனு சத்தம் வந்துச்சு. எடுத்துப் பாத்தா விரிசல்."

"டேய்!"

"அன்னிக்கே உங்ககிட்ட சொன்னேன் சார். நீங்கதான், 'அந்தம்மாவுக்கு இன்னா தெரியப்போவுது, ஒடஞ்சி வந்துச்சுன்னு சொல்லிடலாம்'னீங்க."



"அடப்பாவி!" என்றார் கண்ணாயிரம். "என் போன இன்னா பண்ணி வெச்சிகீறியோ? எட்றா அத!"

காசிநாதன் முகம் கறுத்தது. பிரவின்குமார் பக்கம் திரும்பினார். "உன் சம்பளத்துல புடிக்கறேன்டா. நாலாயிரம். அப்பத்தான் உனக்கு வாய் அடங்கும்."

ஜெசிந்தா பையின் வாயை இழுத்து மூடினாள்.

"சார், அந்தப் புள்ள கூலியில கைய வெக்காதீங்க" என்றாள். "எங்க மேஸ்திரி இப்டித்தான். செவுரு கோணலா நின்னா கொத்தனாரத் திட்டுவாரு, காச எங்ககிட்ட புடிப்பாரு. கட உங்களுது. லாபம் வந்தா அவனுக்கா குடுக்கறீங்க?"

அம்மாவின் குரல் இவ்வளவு உயர்ந்து ரெஜினா கேட்டதே இல்லை. குதிகால் வலி எங்கோ போய்விட்டது.

காசிநாதன் வாசலைப் பார்த்தார். இரண்டு கல்லூரிப் பையன்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி, சரி. புது ஸ்கிரீன் நானே போட்டுத் தரேன். ரெண்டு வாரம் ஆவும். கெளம்புங்க."

"எழுதிக் குடுங்க சார்" என்றாள் ரெஜினா.

"இன்னாத்த எழுதறது?"

"பள்ளிக்கூடத்துல காட்டணும். இல்லன்னா நாங்கதான் ஒடச்சோம்னு பூட்டி வெச்சிருவாங்க. முப்பத்தொரு பேரு படிக்கிறது."

காசிநாதன் ரசீது புத்தகத்தை இழுத்து இரண்டு வரி எழுதிக் கிழித்துத் தந்தார். ரெஜினா வாங்கிப் படித்தாள். 'திரை உடைந்துள்ளது. மாற்றித் தரப்படும்.'

"யாரு ஒடச்சதுன்னு இல்லியே சார்?"

"அதெல்லாம் எதுக்கு?"

"அதுக்குத்தான் சார் எழுதவே சொன்னோம்."

கண்ணாயிரம் தொண்டையைச் செருமினார். காசிநாதன் சீட்டை வாங்கி, 'எங்கள் கடையில் உடைந்தது' என்று நடுவில் நுழைத்து எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையை 'டம்' என்று குத்தினார். கோபத்தில் குத்தியதால் முத்திரை நன்றாகவே விழுந்தது.

திங்கட்கிழமை அந்தச் சீட்டைத் தலைமையாசிரியர் கண்ணாடி போட்டுப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டுப் படித்தார்.

"கடைக்காரங்க இப்படியெல்லாம் எழுதிக் குடுப்பாங்களா?"

"அவங்களா குடுக்கல சார்" என்றாள் ரெஜினா. "கேட்டு வாங்குனோம்."

அவர் சிரித்துவிட்டார். கையிலிருந்த அலமாரிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "சரி. ரீடர் வந்ததும் முறைப்படி வீட்டுக்குப் போகட்டும்."

இரண்டு வாரம் கழித்து அம்மாவும் மகளும் மீண்டும் கடைக்குப் போனார்கள். ரீடர் தயாராக இருந்தது. ரெஜினா ஒரு கதையைத் திறந்து, பத்துப் பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். உள்ளேயிருந்து பிரவின்குமார் கையை அசைத்தான்.

"சம்பளம் புடிச்சாராண்ணா?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள்.

அவன் இல்லை என்று தலையாட்டினான்.

காசிநாதன் ஒரு நீல உறையை எடுத்து நீட்டினார். "இந்தா பாப்பா, இதுக்கு ஏத்த கவர். ஃப்ரீ. எடுத்துக்கோ."

"வேணாம் சார்."

"ஏன், கலர் புடிக்கலயா?"

"கவர் நாங்க கேக்கல. அம்மாவ அன்னிக்கு எல்லாரு முன்னாடியும் இடிச்சி ஒடச்சன்னு சொன்னீங்க. எங்க வூட்டுக்கு எதுக்கு இதுன்னு கேட்டீங்க. அதுக்கு அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. போதும்."

காசிநாதனின் போன் அடிக்கவில்லை. ஆனாலும் அதை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, "ஆங், சொல்லுப்பா, சொல்லு" என்றபடி உள்ளே போனார்.

ஜெசிந்தா மகளின் தோளைத் தட்டினாள். "வாடி, திருக்கழுக்குன்றம் வழியாப் போற நம்ம பஸ்ஸு நிக்குது."

இந்த முறை உட்கார இடம் கிடைத்தது. ரீடர் அம்மாவின் மடியில், அதே துண்டுக்குள் இருந்தது. அதன் திரைக்கான கணக்கு முடிந்துவிட்டது. ஜெசிந்தாவிடம் கேட்க வேண்டிய மன்னிப்பைத்தான் காசிநாதன் இன்னும் பாக்கி வைத்திருக்கிறார்.