மறுபடியும் பூசணிக்காய்

பல் துலக்குவதற்கு முன்பே மனைவியைத் துவக்கிவிடுவது தணிகைவேலின் வழக்கம். விபத்தில் நறுமுகையின் நினைவு போன பிறகு அவள் தலைக்குள் வைத்த நினைவுச் சில்லு இரவில் அணைந்துவிடும். காலையில் 'துவக்கி' என்ற கருவி, சேமித்துவைத்த நினைவுகளில் எந்த நாளின் பிரதியை ஏற்றுகிறதோ, அந்தப் பிரதியின் நினைவோடு அவள் எழுவாள். சேலத்தில் இப்போது தெருவுக்கு நாலு பேர் இப்படித்தான் கண் விழிக்கிறார்கள். யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை.

"என்னங்க, நேத்து வாங்கின பூசணிக்கா இருக்கு. சாம்பார் வச்சிரட்டுமா?"

"வையி" என்றான். நேற்றும் இதைத்தான் கேட்டாள், முந்தாநாளும். அவள் தூங்கியதும் ஓடிப்போய் ஒரு பத்தை பூசணிக்காய் வாங்கிவந்து பிரிட்ஜில் வைக்கிறவன் இவன்தான். அவள் கைபேசியில் தேதியைப் பின்னுக்குத் தள்ளி, அவள் அலுவலகத்துக்கு உடம்பு சரியில்லை என்று புளுகியவனும் இவன்தான்.

எல்லாம் ஒரு சண்டையில் வந்த வினை. "அந்த ஆக்சிடென்ட்லயே நீ போய்ச் சேந்திருக்கலாம்" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டான். அவள் அழுதுகொண்டே படுத்தாள். விடிந்ததும், சண்டைக்கு முந்தைய பிரதியைத் தேர்ந்து துவக்கினான். சிரித்துக்கொண்டு எழுந்தாள். அப்பாடா என்றிருந்தது. ஆனால் அடுத்த நாளும் அதே நாளுக்குள்தான் எழுந்தாள். துவக்கியை நோண்ட நோண்டச் சிக்கல் கூடியது. விஷயம் தெரிந்த ஆள் வீட்டிலேயே இருந்தது இன்னும் கொடுமை: துவக்கிகளைப் பழுது பார்ப்பதுதான் நறுமுகைக்கு வேலை.

அன்று கேட்டே விட்டான். "ஆபீஸ்ல ஒருத்தரு... அவர் சம்சாரம் தினமும் ஒரே நாள்லயே எந்திரிக்கிறாங்களாம்."

"பழைய பிரதியை ஏத்தியிருப்பாரு. 'இந்த ஒரு தடவை'ன்னு குடுக்காம 'எப்பவும்'னு குடுத்திருப்பாரு. அந்த ஒரு வரியை மாத்திச் சேமிச்சாப் போதும்" என்றாள், பத்தையின் தோலைச் சீவிக்கொண்டே.

"மாத்தினா?"

"எல்லாம் ஞாபகம் வந்துரும். ஏத்துறது பழசா இருந்தாலும், அன்னன்னிக்கு நடக்கிறது பின்னாடி பதிஞ்சுக்கிட்டேதான் இருக்கும்." கத்தி நின்றது. "ஏங்க, இப்படி மறைக்கிற அளவுக்கு அந்தம்மாவை என்னதான் சொன்னாராம்?"

"தெரியலையே" என்றான். அவள் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனான்.

மறுநாள் காலை, இப்படியே விட்டுவிட்டால் என்ன என்று ஒரு நப்பாசை தலைகாட்டியது. ஆனால் அந்தச் சிரிப்பை இன்னொரு நாள் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை. வரியை மாற்றிச் சேமித்தான்.

நறுமுகை கண் திறந்தாள். சிரிக்கவில்லை. வெகுநேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு காலையாக நினைவுக்கு வந்து சேர்வது முகத்தில் தெரிந்தது. அவன் கட்டிலோரம் கைகட்டி நின்றான்.

"உங்க ஆபீஸ்காரர் சரி பண்ணிட்டாரா?"

தலையை மட்டும் ஆட்டினான்.

"அன்னிக்குச் சொன்னதைக்கூட ஏதோ கோவத்துல சொன்னாருன்னு விட்டுரலாங்க. தினமும் பூசணிக்கா வாங்க ஓடத் தெரிஞ்சவருக்கு, ஒரு காலையிலகூட அவகிட்ட மன்னிப்பு கேக்கத் தோணலையா?"

கேட்கத்தான் வாயெடுத்தான். எல்லாம் அவளுக்குத் தெரிந்த பிறகு கேட்கிற மன்னிப்பு அவனுக்கே கேவலமாக இருந்தது.