உடைக்கத் தோதான பூட்டு

செல்போன் அலறியது.

காலை பத்து மணி. கூத்தாநல்லூர் வெயில் அதற்குள் மண்டையைப் பிளக்க ஆரம்பித்திருந்தது. கொடுவா மீனை அறுத்துக்கொண்டிருந்த ஹஃப்ஸா, செதில் ஒட்டிய விரலாலேயே போனை எடுத்தாள்.

மறுமுனையில் அப்துல் அஜீஸ். நற்கரம் அறக்கட்டளையின் தலைவர். இவள் அதன் செயலாளர்.

"ஹஃப்ஸா... பெட்டியைக் காணோம் புள்ள."

"எந்தப் பெட்டி மாமா?"

"நம்மகிட்ட எத்தனை பெட்டி இருக்கு? ஃப்ரீசர் பெட்டிதான். ஷெட்டு காலியா கெடக்கு."

கத்தி நழுவிக் கீழே விழுந்தது!

குவைத்திலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளை வந்து முகம் பார்க்கும்வரை உடல் கெடாமல் காப்பது அந்தப் பெட்டிதான். எந்த மதம், எந்தத் தெரு என்று கேட்பதில்லை. வாடகையும் கிடையாது. மூன்று வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கி வாங்கியது. இன்னொன்று வேண்டுமென்றால் மறுபடியும் மூன்று வருஷம். அதுவரை இந்தச் சித்திரை வெயிலில் சாகிறவர்களின் கதி?

ஷெட்டுக்குப் பூட்டு கிடையாது. சாவு நேரம் பார்த்தா வருகிறது, ஜனங்கள் சாவிக்கு அலையக் கூடாது என்பது அஜீஸ் போட்ட சட்டம். வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டு, சுவரில் தொங்கும் சிலேட்டில் பேர் எழுதிவிட்டுப் போவார்கள்.

"சிலேட்டுல என்ன எழுதியிருக்கு மாமா?"

"சிலேட்டு ஏது? அந்த ஆணியிலதானே பாலிசியை ஃப்ரேம் போட்டு மாட்டச் சொன்னே."

சொன்னாள்தான். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

போன மாசம்தான் அந்தக் கூத்து. இன்சூரன்ஸ் ஏஜெண்ட் தியாகு ஏழு பேர் கமிட்டி முன்னால் மூன்று பாலிசிகளை விரித்தான். ஒன்று, தீயும் வெள்ளமும். இரண்டு, திருட்டு. மூன்றாவது, உள்ளே இருப்பவர்களே ஏமாற்றினால் ஈடு கட்டுவது.

"மூணையும் போட்டுடலாம்" என்றாள் ஹஃப்ஸா.

அஜீஸுக்கு மூக்கு சிவந்துவிட்டது. "மூணாவது எதுக்கு? நாங்க திருடுவோம்னு நாங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணுமா? அஞ்சு வேளை தொழுறவன் நான்."

மூன்றாவது அத்தோடு அவுட்.

ஹஃப்ஸா தியாகுவுக்கு அடித்தாள்.

"பாய் இப்பத்தான் பேசினாரு மேடம். உடைச்சு உள்ள புகுந்திருந்தாதான் கிளைம் கிடைக்கும். திறந்து கெடந்த எடத்துல எடுத்தா பைசா தேறாது. அவருகிட்டயும் அதைத்தான் சொன்னேன்."

"நம்ம ஷெட்டுக்குப் பூட்டே இல்லையே தியாகு."



"இல்லையா? அப்புறம் எதுக்கு, 'பெரிய பூட்டா இருக்கணுமா, சின்னது போதுமா'ன்னு கேட்டாரு?"

ஹஃப்ஸா மீனை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். ஸ்கூட்டியை விரட்டினாள்.

லேட்!

ஷெட் கதவு உள்பக்கமாகத் திறந்து சுவரோடு ஒட்டிக் கிடந்தது. நாதாங்கியில் ஒரு பூட்டு வாய் பிளந்து தொங்கியது. கீழே சுத்தியல். அஜீஸ் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நகம் கன்றிப் போயிருந்தது.

"என்ன மாமா பண்ணி வச்சிருக்கீங்க?"

"எனக்காகவா புள்ள? நாளைக்கு ஒரு வீட்டுல மௌத்து ஆயிட்டா அவங்க மொகத்துல எப்படி முழிப்பேன்?" கன்றிய விரலை ஊதிக்கொண்டார். "ஒரே ஒரு பொய். அல்லாஹ் மன்னிப்பான்."

"அல்லாஹ் மன்னிப்பான். போலீஸ்?"

ஜீப் சத்தம்!

"போலீஸுக்கும் சொல்லிட்டீங்களா?"

"திருட்டுன்னா சொல்லணுமாமே. தியாகுதான் சொன்னான்."

சப்-இன்ஸ்பெக்டர் சுடர்விழி இறங்கினார். பின்னாலேயே பைக்கில் தியாகு, கையில் கிளைம் பாரம். சுடர்விழி பூட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"பழைய பூட்டா ஐயா?"

"ரொம்பப் பழசும்மா."

"விலை ஸ்டிக்கர் உரியலையே. ரெண்டு சாவியும் கம்பியில கட்டினபடியே தொங்குது."

அஜீஸ் சுத்தியலைக் காலால் ஓரம் தள்ளினார்.

"இப்பத்தான் கடைத்தெருவுல டீ குடிச்சேன். ஹார்டுவேர் கடைக்காரர் சிரிச்சு மாளல. 'தட்டினா உடையுற மாதிரி ஒரு பூட்டு கொடுப்பா'ன்னு ஒரு பாய் கேட்டாராம். கடைக்காரரும் தேடி எடுத்துக் கொடுத்திருக்காரு."

அஜீஸ் தலை குனிந்தது. "உடைச்சது நான்தாம்மா. ஆனா பெட்டி போனது நிசம்."

"உள்ள பார்ப்போம்."

சுடர்விழி உள்ளே போய், கதவைச் சுவரிலிருந்து இழுத்துப் பாதி சாத்தினார்.

"எல்லாரும் உள்ள வாங்க."

போனார்கள். கதவின் உள்பக்கத்தில்... சாக்பீஸ் எழுத்து!

'சிலேட்டைக் காணோம், அதான் இங்க எழுதுறேன். அம்மா தவறிட்டாங்க. தம்பி சிங்கப்பூர்லேர்ந்து வந்ததும் பெட்டியைத் திருப்பிக் கொண்டாந்துடுறோம். மனோகரன், வடபாதிமங்கலம்.'

கீழே போன் நம்பர்.

ஹஃப்ஸா அந்த நம்பரை அழுத்தினாள். "பெட்டி பத்திரமா இருக்குங்க" என்றது அழுது கம்மிய குரல். "நீங்க இல்லன்னா தம்பி அம்மா மொகத்தைப் பார்த்திருக்க மாட்டான்."

அஜீஸ் அப்படியே தரையில் உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டு கண்ணுக்குப் போனது.

"ஆக, திருட்டே நடக்கல" என்றார் சுடர்விழி. "நடந்தது ஒரு பூட்டு உடைப்பு. அதுவும் உடைச்சவரோட சொந்தப் பூட்டு. அதுக்கு நான் எந்த செக்‌ஷனைத் தேடுறது? தியாகு, அந்தப் பாரத்தைக் கிழிங்க."

கிழித்தான். ஜீப் கிளம்பியது.

அஜீஸ் தொண்டையைச் செருமினார். "தியாகு... உள்ள இருக்கிறவங்களே ஏமாத்தினா ஈடு கட்டுறது... அந்த மூணாவது பாலிசி. இப்பவும் போடலாமா?"

"போடலாம் பாய். ஒரு கண்டிஷன்தான். ஏற்கெனவே மாட்டினவங்களுக்கு மட்டும் அது செல்லாது."

ஹஃப்ஸா ஆணியிலிருந்த ஃப்ரேமைக் கழற்றிவிட்டு, மூலையில் சாக்குக்கு அடியில் கிடந்த சிலேட்டை எடுத்து மாட்டினாள்.

"அப்போ மாமாவை விட்டுட்டு, கமிட்டியில மத்த ஆறு பேருக்கும் போடுங்க தியாகு."