வலப்பக்கக் கரை

இந்தக் காலத்தில் பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளையின் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். வீட்டில் டிரான்சிஸ்டர் பாடுகிறதா என்று பார்க்கிறார்கள். உள்ளே போய் மூக்கை வைத்து முகர்ந்து பார்க்க ஒருத்தருக்கும் தோன்றுவதில்லை. என் தங்கை பொன்னியம்மாளும் அப்படித்தான். அவள் மகள் தேவகிக்கு ஓரிக்கையிலிருந்து இரண்டாம் தாரமாக வரன் வந்ததும், "நகை நட்டு ஒண்ணும் வேணாமாம்ணா, பொண்ண மட்டும் குடுத்தா போதுமாம்" என்று பூரித்துப்போனாள். ஒன்றும் வேண்டாம் என்கிறவனை நான் நம்ப மாட்டேன்.

மாப்பிள்ளை பெயர் கோதண்டபாணி. பட்டுத்தறிக்காரன். அறுபத்தெட்டு மாசியில் அவன் பெண்டாட்டி கிருஷ்ணவேணி செத்தாள். அவனுடைய தம்பி அர்ஜுனன் பைத்தியம். அவன்தான் அண்ணியை அடித்துக் கொன்றுவிட்டுப் பாலாற்றைத் தாண்டி ஓடிவிட்டான் என்றார்கள். போலீஸ் தேடியது, கிடைக்கவில்லை. ஊரே கோதண்டபாணிக்காக உச்சுக்கொட்டியது.

அந்த ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை தட்டு மாற்றுவதாகப் பேச்சு. அதற்கு முன்னால் வீடு பார்க்க நானும் தங்கையும் போனோம். மத்தியான நேரம். மழை விட்டும் விடாமலும் இருந்தது. தெரு முழுக்கச் சேறு. ஓட்டு வீடு, தாழ்ந்த வாசல்.

வாசலிலேயே நாறியது.

சோப்பில் வேகவைத்த பட்டின் வாடை எனக்குச் சோற்று வாடை மாதிரி. நானும் நெய்து கிழடானவன்தான். இது அதற்குக் கீழே கிடந்த நாற்றம். மூத்திரம் காய்ந்து, மறுபடி நனைந்து, அதோடு எதுவோ அழுகிய நாற்றம்.

"மழைக்கு எலி செத்துக்கெடக்குது மாமா" என்றான் கோதண்டபாணி, கலர் பாட்டிலை நீட்டியபடி. நான் கேட்கவே இல்லை.

தறி கூடத்திலேயே இருந்தது. தறிக்கு வலப்பக்கம் ஒரு மரத்தூண். கணுக்கால் உயரத்தில் தூணைச் சுற்றிலும் மரம் தேய்ந்து பள்ளமாகியிருந்தது.

"இதுல என்னத்த கட்டுவே? மாடா?"

"தம்பியதான் மாமா. யாரோ கூப்புடறாங்க, கூப்புடறாங்கன்னு தெருவுக்கு ஓடுவான். சங்கிலி போட்டா சாது. இங்கியே குந்திக்கினு கரைக்கு நாடா விடுவான். ஒரு நாளும் தப்பு வராது."

நல்ல உழவு மாட்டைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னான். பைத்தியம் என்று கட்டிப்போட்டு, கட்டிப்போட்ட இடத்திலேயே வேலை வாங்கியிருக்கிறான். அந்தத் தம்பி சோறு தின்றதும் மலம் கழித்ததும் அங்கேயேதான். அந்த நாற்றத்தில் நெய்த புடவையைக் கட்டிக்கொண்டு எத்தனை பெண்கள் மணையில் உட்கார்ந்தார்களோ.

தறியில் பாதி நெய்த புடவை. அரக்கு உடல், பச்சைக் கரை. இந்த மாதிரி கரை வேறு, உடல் வேறு நிறத்தில் கோத்து நெய்வதற்கு இரண்டு பேர் வேண்டும். நெய்கிறவன் நடுவில் உட்காருவான். வலப்பக்கக் கரைக்கு இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து, நூல் சுற்றிய நாடாவை இழைகளுக்குள் விட வேண்டும். ஒற்றை ஆளாக நெய்தால் இந்த வேகமும் வராது, இந்தச் சுத்தமும் வராது.

"தேவகிக்குத்தான் மாமா இந்தப் பொடவ."

"சரி. இப்ப கரை யாரு விடறது?"

"ஆளு இருக்குது."

"எங்க?"

அவன் தூணைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான். "வருவான்."

தங்கைக்குச் சமையற்கட்டைக் காட்ட அவன் உள்ளே போனான். நான் தறியில் உட்கார்ந்து குழிக்குள் காலை விட்டேன்.

கால் தொங்கவில்லை.

தறிக்குழி என்றால் கால் தாராளமாக இறங்க வேண்டும். இங்கே முழங்கால் மேலே கிளம்பி, துணி சுருட்டும் கட்டையில் இடித்தது. குழியை மண் போட்டு மேடாக்கியிருந்தான். மேலே களிமண் பூச்சு. அழுத்தினால் உள்ளங்காலில் ஏதோ கசிந்தது.

கை சும்மா இருக்கவில்லை. மிதியை மிதித்து, நடு நாடாவை வீசினேன். வீசிவிட்டு வலப்பக்க நாடாவுக்குக் காத்திருந்தேன். அத்தனை வருஷப் பழக்கம். அங்கே ஆள் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

நாடா வந்தது.

பச்சை நூல் சுற்றிய நாடா, கரை இழைகளுக்குள் வழுக்கிக்கொண்டு வந்து என் விரலில் முட்டி நின்றது.

எடுத்தேன். ஈரமாக இருந்தது. எச்சில் மாதிரி வழவழப்பு.

காதுக்குப் பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள். பல நாள் வாய் கழுவாதவனின் மூச்சு.

குழிக்குள், களிமண்ணுக்கு அடியில், இரும்பு இரும்போடு உரசியது.

நிமிர்ந்தேன். கோதண்டபாணி நிலைப்படியில் நின்றான். கண் என்மேல் இல்லை. தூணடியைப் பார்த்து, குழந்தையை அதட்டுவதுபோல் மெதுவாகச் சொன்னான்.

"டேய். விருந்தாளி வந்துக்கிறாங்க. சும்மா இருடா."

தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். "காபி போட்டுக்கிறேன் மாமா" என்று பின்னால் குரல் வந்தது.

எதிர் வீட்டில் கங்கையம்மாள் என்ற கிழவி ராட்டையில் பட்டு இழைத்துக்கொண்டிருந்தாள்.

"அர்ஜுனன் ஓடினத நீ பாத்தியாம்மா?" என்றேன்.

"கால்ல சங்கிலிப்பா. எப்படி ஓடுவான்?"

"பின்ன போலீசு கேட்டப்ப?"

"ஊரே ஓடிட்டான்னுச்சு. நானும் ஓடிட்டான்னேன்." ராட்டையை நிறுத்தவில்லை அவள். "அந்தப் பொண்ணு கிருஷ்ணவேணிதான் கீழ்ப்பாக்கத்துல ஆஸ்பத்திரி இருக்குது, கூட்டிக்கினு போலாம்னு தெனம் சொல்லிக்கினு இருந்துச்சு. போயிட்டா கரைக்கு சும்மா ஒரு ஆளு கெடைப்பானா? அதான் சண்ட. அடிச்சத அந்தப் பைத்தியம் பாத்துக்கினே இருந்துச்சு. அதையும் வுட்டுவெப்பானா?"

"தெரிஞ்சும் சும்மா இருந்தீங்க."

"ராவெல்லாம் கத்தும்பா அது. இப்பதான் தெருவுல தூக்கம் வருது" என்று சொல்லி, வெற்றிலைச் சாற்றைத் துப்பினாள். அது என் காலடியில் விழுந்தது. அந்த வீட்டு நாற்றமே தேவலை என்று தோன்றியது.

வழியெல்லாம் தங்கை புலம்பினாள். "பூவுக்கெல்லாம் சொல்லியாச்சேண்ணா. நின்னுபோனா பொண்ணுக்குத்தான் பேரு கெடும்."

"அவன் தறிக்குழியில உன் பொண்ணு கெடக்கறதுக்கு பேரு கெட்டாலும் கெடட்டும்."

வீட்டுக்கு வந்ததும் தேவகி கேட்டாள். "வீடு எப்படி இருக்குது மாமா?"

"நாறுது."

அவள் அம்மா முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். பிறகு உலையில் அரிசி போடப் போய்விட்டாள்.

போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொன்னபோது முதலில் சிரித்தார்கள். நான் வாசலை விட்டு நகரவில்லை. கடைசியில் வந்து குழியைத் தோண்டினார்கள். முதலில் சங்கிலி வந்தது. பிறகு அதற்குள் கால் வந்தது. கோதண்டபாணி பக்கத்தில் நின்று பார்த்தான். "பைத்தியம்யா அவன். அவன என்ன வுட்டா வேற யாரு பாத்துக்குவாங்க?" என்று நிஜமான வருத்தத்தோடு கேட்டான். அந்த வீட்டில் யாருக்குப் புத்தி பேதலித்திருந்தது என்று கேட்டால், எனக்குச் சொல்லத் தெரியாது.

வீட்டைப் பூட்டி சீல் வைத்தார்கள். தை பிறந்து, தறியைப் பிரித்துக் கொண்டுபோக ஆள் தேடினார்கள். உள்ளூரில் எவனும் வரமாட்டேன் என்றான். நான் போனேன். சாமுவேல் என்கிற போலீஸ்காரர் பூட்டைத் திறந்தார்.

புடவையின் உடல் நான் கடைசியாக நாடா வீசிய இடத்திலேயே நின்றிருந்தது. அதற்கு அப்பால் நெய்யாத வெறும் அரக்குப் பாவு நூல்.

வலப்பக்கக் கரை மட்டும் வளர்ந்திருந்தது.

உடல் இல்லாமல், தனியாக, பச்சையாக, ஒரு கை நீளத்துக்கு. ஒரு இழைகூடத் தப்பவில்லை. தூணடியில் தரை ஈரமாக இருந்தது.

"இது அவனேதாம்பா" என்றாள் வாசலில் கூடியவர்களுக்குள் நின்ற கங்கையம்மாள். ஒருத்தி கற்பூரம் ஏற்றினாள். உயிரோடு சங்கிலியில் கிடந்தவனுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுக்காத ஜனம், இப்போது கன்னத்தில் போட்டுக்கொள்கிறது.

"எவனோ ஓட்டப் பிரிச்சிக்கினு எறங்கியிருக்கான்" என்றேன்.

சாமுவேல் அண்ணாந்து பார்த்தார். ஓடு ஒன்றும் அசையவில்லை. ஒட்டடைகூடக் கலையவில்லை.

தறியைத் தொட எனக்குக் கை கூசியது. பயம் இல்லை, அருவருப்பு. வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அவர் பூட்டைப் போட்டார்.

கதவுக்குப் பின்னால் நாடா ஓடும் சத்தம் கேட்டது. ஒரு தரம். அப்புறம் நின்றது.

நடு நாடாவுக்குக் காத்திருப்பதுபோல.

சாமுவேல் என் முகத்தைப் பார்த்தார். "என்னா பெரியவரே அது?"

"எலி" என்றேன்.

பேயும் இல்லை, பிசாசும் இல்லை. எலியாகத்தான் இருக்கும். செருப்பை மாட்டிக்கொண்டு காஞ்சிபுரம் ரோட்டைப் பார்த்து நடந்தேன்.