ஆறாம் கட்டில்

கணவரைப் பறிகொடுத்து ஒரு மாதம் ஆவதற்குள் அவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். வேறு வழி? இருந்த லீவெல்லாம் அவர் நோயில் படுத்திருந்தபோதே தீர்ந்துபோயிருந்தது. சாவுக்கென்று இரண்டு நாள் மிச்சம் வைக்க யாருக்குத் தோன்றும்?

நேரம் தவறாத நர்ஸ் என்பதால் வார்டில் அவளுக்குக் 'கடிகாரம்' என்று பெயர். அன்றும் கடிகாரம் சரியான நேரத்துக்கே வந்தது. அதே நீண்ட வார்டு, அதே பினாயில் வாசனை. ஆறாம் கட்டிலில் மட்டும் புது விரிப்பு. அவர் போனது அந்தக் கட்டிலில்தான், இவள் டியூட்டியில் இருந்தபோதே. "கொஞ்சம் பக்கத்துல உக்காரேன்" என்றார். இரண்டாம் கட்டில்காரருக்கு டிரிப்ஸ் தீர்ந்திருந்தது. "இதோ வந்துடறேன்" என்று போனாள். திரும்பி வந்தபோது உயிர் இல்லை.

அந்த 'இதோ' அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது.

ஷிஃப்ட் மாறும்போது கட்டில் கட்டிலாக நடந்து நோயாளிகளை ஒப்படைப்பது வழக்கம். முதல் நாள் மாலையே அவளுக்கு வாய் தவறியது.

"அஞ்சு, காய்ச்சல் இறங்கிடுச்சு. ஆறு, தூங்கறார்."

ஆறு காலி. பாவம் என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். மறுநாளும் அதையே சொன்னாள். அதற்கடுத்த நாளும்.

கடைசியில் தலைமை நர்ஸ் அவளைத் தனியே அழைத்தாள். "தூங்கறியா? சாப்பிடறியா? மனசு சரியில்லன்னா டாக்டரைப் பாரும்மா, அதுல என்ன வெக்கம்? இன்னொரு தடவை இப்படிச் சொன்னா உன்னை வார்டுல வெச்சுக்க முடியாது. மருந்தை மாத்திக் கொடுத்துட்டா யார் பதில் சொல்றது?"

நியாயம்தான். இந்த வேலையும் போனால் அவளுக்கு வெறும் வீடுதான் மிச்சம். அன்று மாலை பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"ஆறு... காலி."

முதுகுக்குப் பின்னால் தைல வாசனை வந்தது. அவர் நெஞ்சில் இவள் தேய்த்துவிடும் தைலம்.

யாரோ மெல்லச் செருமினார்கள்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாமே என்று வீட்டுக்குப் போய் அழுதாள்.

மறுநாள் காலை ஒப்படைத்தவள், வேறு வார்டிலிருந்து முந்தின நாள்தான் மாற்றலாகி வந்த பெண். இங்கே யார் கதையும் அவளுக்குத் தெரியாது. கொட்டாவியை அடக்கிக்கொண்டு வரிசையாகச் சொல்லிவந்தாள்.

"அஞ்சு, இன்னைக்கு வீட்டுக்குப் போறார். ஆறு, ராத்திரி பூரா பொட்டுத் தூக்கம் இல்லக்கா. இதோ வந்துடறேன்னு யாரோ சொல்லிட்டுப் போனாங்களாம். வந்துட்டாங்களா, வந்துட்டாங்களான்னு ஒரே கேள்வி."

தலைமை நர்ஸின் முகம் வெளிறிப்போனது. "அந்தக் கட்டில்ல யாரும் இல்லையேம்மா..."

புதியவள் திரும்பினாள். விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது.

தலையணையில் மட்டும் ஒரு பள்ளம்.

கடிகாரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "வந்துட்டேங்க," என்றாள். "கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

யாரும் அவளை எழுப்பிவிடவில்லை. அவளுடைய கட்டில்களைத் தலைமை நர்ஸே பார்த்துக்கொண்டாள். மாலையில் ஒப்படைத்ததும் அவள்தான். ஐந்து காலி என்று சொல்லிவிட்டு, ஆறாம் கட்டிலருகே வந்து நின்றாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு கடிகாரம் கட்டில் ஓரத்தில் தலை சாய்த்துக் கண்ணயர்ந்திருந்தாள். அவள் கைக்குப் பக்கத்தில், ஆளில்லாத விரிப்பு மூச்சு விடுவதுபோல மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

தலைமை நர்ஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஆறு, தூங்கறார்."